கடையும் கைப்பேசியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் 22 ஆண்டுகளாக மேட்சிங் பிளவுஸ் துணிக்கடை நடத்துகிறேன். எட்டடி அகலக் கடை. கைப்பேசி வழியாகவும் விற்கத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் வழியாக வியாபாரத்தை வளர்ப்பது பற்றிக் கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் முக்கால்வாசி நம் வடசென்னைப் பக்கத்திலிருந்துதான். பெயர்களைத் தவிர்த்துவிட்டு, ஊரை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். கல்லூரி முடித்த நான் அவருக்காக இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினேன். நான்கு மாதங்களில் 60 பதிவுகள் போட்டுவிட்டேன். ‘சூப்பர்’ என்று எழுதுகிறார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. எங்கே தவறு?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: உங்கள் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். படங்கள் அருமை. விடியற்காலையில் படகுகள் வரிசையாக நிற்பதை எடுத்திருக்கிறீர்களே, அதை மட்டும் நான்கு முறை பார்த்தேன். ஆனால் 60 பதிவுகளில் ஒன்றில்கூட விலை இல்லை. எந்தப் பகுதிவரை கொண்டுவந்து தருவீர்கள் என்பதும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ‘தனிச் செய்தியில் வாருங்கள்’ என்று பதில் போட்டிருக்கிறீர்கள்.

மீன் வாங்க வரும் பெண் எப்படி வாங்குகிறார் என்பதை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். வந்ததும் விலை கேட்பதில்லை. சற்றுத் தள்ளி நிற்பார். முன்னால் நிற்பவர் பேரம் பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்வார். கையில் இருக்கும் பணத்துக்குக் கட்டுப்படியாகுமா என்று மனத்துக்குள் கணக்குப் போடுவார். ஆகும் என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறப்பார். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போவது அவருக்குப் பெரும் கூச்சம். கைப்பேசியில் முன்னால் நின்று பேரம் பேச யாருமில்லை. அதனால்தான் ‘சூப்பர்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். விலையை எழுதுங்கள். இந்த இதழில் நான் எழுதியிருப்பதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவாரே என்று அஞ்ச வேண்டாம். யார் என்ன விலைக்கு எடுத்தார், என்ன விலைக்கு விற்கிறார் என்பது காசிமேட்டில் விடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. தெரியாமல் இருப்பவர் பெரம்பூரில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர்தான்.

அடுத்தது, மீனுக்கு இன்ஸ்டாகிராமைவிட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பொருத்தமானது. உங்கள் படகுப் படத்தைக் கோயம்புத்தூரில் ஒருவர் ரசிக்கலாம், மீன் வாங்க மாட்டார். உங்களுக்கு வேண்டியவர் ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறார். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. இன்றைய மீன் நாளைக்கு இன்றைய மீன் இல்லையே, அதற்கு அது சரி. காலை ஐந்தரைக்கு ஒரு சிலேட்டில் சாக்பீஸால் எழுதுங்கள்: வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, கடம்பா, கிலோ விலை, முழு மீன் எடையா, சுத்தம் செய்த எடையா. கடைசியில் சொன்னதில்தான் சண்டை வருகிறது. ஒரு கிலோ சங்கராவை முதலில் தராசில் வைத்து, செதில் எடுத்து, குடல் நீக்கி, மறுபடியும் தராசில் வைத்துக் காட்டுங்கள். அந்த ஒரு வீடியோ பத்து விளம்பரத்துக்குச் சமம்.

பாட்டை எடுத்துவிட்டு அம்மாவின் குரலை வையுங்கள். செவுளைத் தூக்கி அந்தச் சிவப்பைக் காட்டுவார் அல்லவா? விரலால் அழுத்தினால் சதை குழி விழாமல் எழுந்துகொள்வதைக் காட்டுவார் அல்லவா? அந்த 20 விநாடி போதும்.

வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) ஒரே நேரத்தில் 256 பேருக்குச் செய்தி அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இது பலருக்குத் தெரியாது. ‘அனுப்பினேன், யாருமே பார்க்கவில்லை’ என்று வருந்துவார்கள். மீன் பையைக் கொடுக்கும்போதே, ‘அக்கா, இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், காலையில் விலை அனுப்புகிறேன்’ என்று சொல்லுங்கள். அவர் சேமிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் பக்கத்தை மூடிவைக்காதீர்கள். நாட்டுப்படகில் என்ன கிடைத்தது, எவ்வளவு குறைவாகக் கிடைத்தது, விலை ஏன் ஏறியது என்று சொல்லுங்கள். வெளியூரிலிருந்து ஐஸில் வந்த மீன் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கருவாட்டுக்கு அதுதான் நல்ல பருவம். துறைமுகத்தில் வலையைச் சரிபார்ப்பவர்களையும் படகுக்கு வண்ணம் அடிப்பவர்களையும் காட்டுங்கள். மீன் இல்லாத நாளில் உண்மையைச் சொன்னவரிடம்தான், மீன் வந்த நாளில் முதலில் வருவார்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தபடியே புடவை விற்கிறேன். ‘படத்தில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம்’ என்று பத்தில் மூன்று புடவைகள் திரும்பி வருகின்றன. விலை உயர்ந்த கைப்பேசி வாங்கினால் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வாங்காதீர்கள் சகோதரி. அந்தப் பணத்துக்குச் சரக்கு எடுங்கள். என் பிழைப்பே நிறத்தில்தான் ஓடுகிறது, அதனால் இதற்கு விரிவாகவே எழுதுகிறேன்.

டியூப் லைட் வெளிச்சத்தில் அரக்கு நிறம் காப்பிப்பொடி நிறமாகத் தெரியும். வாடாமல்லி நீலத்தின் பக்கம் ஓடும். கேமராவுக்கு இன்னொரு குணமும் உண்டு. படம் முழுவதையும் ஒரே நிறத்துணி அடைத்துக்கொண்டால், வெளிச்சமே அந்த நிறம் என்று நினைத்துக்கொண்டு அதைக் குறைத்துவிடும். மாம்பழ மஞ்சள் வெளிறிப்போவது இதனால்தான். ஆகவே புடவையை மட்டும் நெருக்கமாக எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் தெரியட்டும். காலை பத்து மணிக்கு மேல், நேர் வெயில் விழாத வாசற்படியில் வைத்து எடுங்கள். அழகூட்டும் வடிகட்டிகள் எதையும் தொட வேண்டாம்.

நான் செய்யும் இன்னொன்றையும் சொல்கிறேன். சென்ற ஆடி மாதத்தில் இராயபுரத்திலிருந்து ஓர் அம்மா, பட்டுப்புடவையின் கரையைப் படம் எடுத்து அனுப்பி, ‘மயில் கழுத்து, பிளவுஸ் துணி வேண்டும்’ என்று கேட்டார். என்னிடம் மயில் கழுத்தில் மட்டும் நான்கு தான்கள் (துணிச் சுருள்கள்) இருக்கின்றன. ஒன்று நீலம் தூக்கலாக இருக்கும், ஒன்று பச்சை தூக்கலாக இருக்கும், மற்ற இரண்டும் நடுவில். நான்கையும் வாசலில் வைத்து எடுத்து அனுப்பினேன். எதுவும் பொருந்தவில்லை என்றார். அவருடைய படத்தில் புடவை ஏறக்குறைய எம்.எஸ். நீலமாகவே தெரிந்தது. ‘புடவைக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் ஒரு வெற்றிலையையும் வைத்து இன்னொரு படம் எடுங்கள்’ என்றேன். படம் வந்தது. வெற்றிலை நீலம் பாய்ந்து இருந்தது. எலுமிச்சையில் மஞ்சளே இல்லை. அவர் வீட்டு விளக்கு நீல வெளிச்சம் என்று புரிந்துவிட்டது. அப்படியென்றால் புடவை தெரிவதைவிடப் பச்சை. மூன்றாவது தானை எடுத்து 80 சென்டிமீட்டர் வெட்டி அனுப்பினேன். நூலோடு நூல் சேர்ந்தது.

வெற்றிலை என்ன நிறம், எலுமிச்சை என்ன நிறம் என்று எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும். நீங்களும் ஒவ்வொரு புடவைப் படத்திலும் அப்படி ஒரு பொருளை வையுங்கள். எழுத்திலும் ‘பச்சை’ என்று விட்டுவிடாதீர்கள். கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, மாந்துளிரா என்று எழுதுங்கள். நம் தாய்மார்கள் இவ்வளவு பெயர்களைக் கண்டுபிடித்து வைத்திருப்பது வீணாகப் போகக் கூடாது. ‘வீட்டு விளக்கில் இந்த நிறம் சற்று இருண்டு தெரியும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் திரும்பி வருவது பெரிதும் குறையும்.

கேள்வி: தினமும் ஏதாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கும் எனக்கு, அரைக்கவும் பொட்டலம் கட்டவுமே நேரம் சரியாக இருக்கிறது. இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்து என்ன போடுவது என்று யோசித்தால் அழுகை வருகிறது.
– ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் இரவில் விழித்துக்கொண்டிருந்தேன்.

தினமும் போட வேண்டியதில்லை. தினமும் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் வேறு. கடையைத் திறந்து வைத்திருப்பது என்றால் கூவிக்கொண்டே இருப்பது என்று பொருளில்லை, வந்தவரை நிற்கவைக்காமல் இருப்பது. ஒருவர் ‘அரை கிலோ என்ன விலை?’ என்று கேட்டு ஆறு மணி நேரம் பதில் வரவில்லை என்றால், உங்கள் பக்கத்தில் 500 படங்கள் இருந்தும் கடை மூடிக் கிடக்கிறது என்றே அவர் நினைப்பார்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-இல் வந்தது, இலவசம். அதில் பொருள், படம், விலை மூன்றையும் ஒரு முறை பட்டியலாகப் பதிந்துவிட்டால், கேட்பவருக்கு அந்தப் பட்டியலை அனுப்பிவிடலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களைச் சேமித்து வைத்து, ஒரு தொடுதலில் அனுப்பலாம். ‘காலை ஒன்பது முதல் இரவு எட்டுவரை பதில் தருவேன்’ என்று தானாகவே போகும் செய்தியையும் அமைக்கலாம். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். அதன் பிறகு இரவு பதினொன்றுக்கு நீங்கள் தூங்கலாம்.

பதிவுகளுக்கு வாரம் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம். செவ்வாய்க்கிழமை மிளகாய் காயவைக்கிறீர்களா? கைப்பேசியை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். உளுந்து வறுக்கும்போது நிறம் மாறும் அந்த ஒரு நிமிடத்தை எடுங்கள். எப்போது அடுப்பை அணைக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். ‘தொழில் இரகசியம் போய்விடுமே’ என்று வீட்டில் சொல்வார்கள். செய்முறை தெரிந்தவர்களும் வாங்குவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வறுக்க நேரமில்லை. பொட்டலத்தில் இருக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், அந்த 14 இலக்கம், படத்தில் தெளிவாகத் தெரியட்டும்.

மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான், ஆனால் அதை விடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. கீழ் அடுக்குத் துணி எல்லாம் நனைந்துவிட்டது. மனம் ஒடிந்து 12 நாட்கள் எதுவும் போடாமல் இருந்தேன். கடையைத் திறந்த பிறகு, பத்து ஆண்டுகளாக வரும் ஒருவர் சந்தில் என்னைப் பார்த்து, ‘நீங்கள் கடையை எடுத்துவிட்டதாக நினைத்து வேறு இடத்தில் வாங்கிவிட்டேன்’ என்றார். ‘கடையில் தண்ணீர், இரண்டு வாரத்தில் வருகிறேன்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர் காத்திருப்பார். ஊருக்குப் போனாலும், உடம்பு முடியாவிட்டாலும், வீட்டில் துக்கம் என்றாலும் அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள்.

கேள்வி: வியாசர்பாடியில் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை வைத்திருக்கிறோம். பர்மாவிலிருந்து வந்த தாத்தா தொடங்கியது. உணவு வீடியோ போடும் ஒருவர், ‘15,000 ரூபாய் கொடுங்கள், கூட்டம் வரவைக்கிறேன்’ என்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: தம்பி, முதலில் ஒரு கணக்கு. ஒரு மாலையில் உங்கள் கையால் எத்தனை தட்டு கலக்க முடியும்? 150 முடியும், இப்போதே 120 போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்குத் தேவை 30 தட்டுக்கான ஆள். அவர் கொண்டுவருவதாகச் சொல்வது 400 பேரை. வீடியோ வந்த சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கே சரக்கு தீர்ந்துவிடும். தினமும் எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, உங்கள் கடையில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் திரும்பிப் போவார். எங்கள் பக்கத்தில் ஒரு பலகாரக் கடையில் இதை நேரில் பார்த்தேன். மூன்று வாரத்தில் புதுக்கூட்டம் போய்விட்டது. அங்கே வழக்கமாகச் சாப்பிட்டுவந்த சுமைதூக்கும் தொழிலாளர்கள் அதற்குள் வேறு கடைக்குப் பழகிவிட்டார்கள்.

உங்கள் கடையில் நடப்பதை நீங்களே எடுங்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர் எல்லாம் ஒரு பாத்திரத்தில் விழ, பேஜோ என்னும் மொறுமொறுப்பான பலகாரத்தை நொறுக்கிப் போட்டு அந்தக் கை பிசைகிற சத்தம் இருக்கிறதே, அதற்கு எந்தப் பின்னணி இசையும் ஈடில்லை. பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பின் ஆவி. பிறகு தாத்தாவின் கதை. 1962-இல் பர்மாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தன. அப்படி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. அதை உங்கள் அப்பா தன் குரலில் இரண்டு நிமிடம் சொல்லட்டும். வெளியார் ஒருவர் வந்து அதைச் சொல்ல முடியாது.

கொடுத்தே தீர்வது என்று முடிவெடுத்தால், ‘இது கட்டண விளம்பரம்’ என்று வீடியோவில் தெளிவாகப் போடச் சொல்லுங்கள். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பாராட்டுகிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. ‘அதையெல்லாம் போட மாட்டேன்’ என்று அவர் சொன்னால், அங்கேயே வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: 3,000 ரூபாய்க்குப் பத்தாயிரம் பேரைப் பின்தொடர வைப்பதாக ஒரு செய்தி வந்தது. வாங்கினால் பக்கத்துக்கு மதிப்புக் கூடாதா?
– ஒரு வாசகர், மணலி

பதில்: கூடாது. அந்தப் பத்தாயிரம் பேரும் ஆட்கள் இல்லை, வெறும் கணக்குகள். உங்கள் பதிவை அவர்கள் பார்க்கவே மாட்டார்கள் என்பதால், ‘இதை யாரும் விரும்பவில்லை’ என்று அந்தத் தளம் முடிவுகட்டி, உண்மையானவர்களுக்கும் காட்டாமல் விட்டுவிடும். அதே பணத்தை, உங்கள் கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று எல்லை வகுத்து, பண்டிகைக்கு இரண்டு வாரத்துக்கு முன் நேர்மையான விளம்பரத்தில் போடுங்கள்.

கேள்வி: மிக்சி, கிரைண்டர், மின்விசிறி பழுது பார்க்கிறேன். வயது 58. மகன் ரீல்ஸ் போடச் சொல்லி வற்புறுத்துகிறான். எனக்கு விருப்பமில்லை.
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: போட வேண்டாம் ஐயா. வீடியோ பார்த்து யாருக்கும் மிக்சி ரிப்பேர் நினைவுக்கு வராது. மாவு அரைக்கும்போது நின்றுபோனால்தான், பதறிப்போய்த் தேடுவார்கள். அப்போது கூகுள் வரைபடத்தில் நீங்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பதிவு செய்வது இலவசம், மகனுக்கு அரை நாள் வேலை. பெயர்ப்பலகையில் இருக்கும் அதே பெயர், தொலைபேசி எண், திறக்கும் மூடும் நேரம், வார விடுமுறை, தெருவிலிருந்து பார்த்தால் கடை எப்படித் தெரியும் என்ற ஒரு படம். தேரடியிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் எழுதட்டும். வேலை முடித்துக் கொடுக்கும்போது, ‘என்ன சரிசெய்தேன் என்று நான்கு வரி எழுதுங்கள்’ என்று கேளுங்கள். அதற்காகத் தள்ளுபடி தருவதாகச் சொல்லாதீர்கள், அது கூகுளின் விதிக்கு எதிரானது. உங்கள் கை வேலைக்கு அது தேவையும் இல்லை.

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். குறித்த நாளில் தரவில்லை என்று ஒரு பெண் கூகுளில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துக் கடுமையாக எழுதிவிட்டார். சொந்தக்காரர்கள் பத்துப் பேரை ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லட்டுமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரே வாரத்தில் பத்துப் பேர் ‘மிக நல்ல கடை’ என்று எழுதினால் படிப்பவருக்குப் புரிந்துவிடும். அவர் சொன்னது உண்மையா? நாள் தவறியதா? தவறியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவருடைய கருத்துக்குக் கீழே எல்லாரும் பார்க்கும்படி எழுதுங்கள்: ‘நீங்கள் சொன்னது சரி. வியாழக்கிழமை தருவதாகச் சொல்லி ஞாயிற்றுக்கிழமைதான் கொடுத்தேன். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு உதவவில்லை என்று அறிந்து வருந்துகிறேன். இப்போது ஒரு நாளைக்கு ஆறு பிளவுஸுக்கு மேல் எடுப்பதில்லை.’ கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். புதிதாக வருகிறவர் அந்த ஒரு நட்சத்திரத்தைப் படிப்பார், கீழே உங்கள் பதிலையும் படிப்பார். நான் அப்படித்தான் ஒரு தையற்காரரைத் தேர்ந்தெடுத்தேன்.

கேள்வி: ‘காப்புரிமையை மீறிவிட்டீர்கள், 24 மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும்’ என்று ஓர் இணைப்புடன் செய்தி வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: அதைத் தொடாதீர்கள். கடவுச்சொல்லைத் திருட வரும் செய்தி அது. என் முதல் பக்கம் அப்படித்தான் போனது, மூன்று ஆண்டு உழைப்பு. கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள். சிலர் இராணுவ வீரர் என்று சொல்லி மொத்தமாக ஆர்டர் கொடுத்து, ‘பணம் வர இந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் இரகசிய எண்ணை (PIN) போடுங்கள்’ என்பார்கள். பணம் வாங்குவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை நம்பாதீர்கள், வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

இன்னொன்று. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடை செய்தது. இலட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்த பக்கங்கள் ஒரே நாளில் இல்லாமல் போயின. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றன. அந்தத் தளங்கள் நம் இடம் இல்லை. வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும், அவர் விரும்பி வாங்குவதையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வையுங்கள். நான் நீல அட்டை போட்ட நோட்டில் எழுதுகிறேன், இப்போது நான்காவது நோட்டு. என் பக்கம் போனபோது என்னைத் தூக்கி நிறுத்தியது முதல் இரண்டு நோட்டுகள்தான்.

கேள்வி: பிளவுஸுக்கு ஆரி வேலைப்பாடு செய்கிறேன். ‘முகம் தெரியக் கூடாது’ என்று மாமியார் உறுதியாகச் சொல்கிறார். ஒரு முறை குரல் மட்டும் போட்டதற்கே, நள்ளிரவில் தெரியாத ஆண்களிடமிருந்து செய்திகள் வந்தன. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
– ஒரு வாசகி, இராயபுரம்

பதில்: விடாதீர்கள். நள்ளிரவில் செய்தி அனுப்பியவர்கள் செய்த தவறுக்கு உங்கள் தொழில் ஏன் நிற்க வேண்டும்? ஒருவருக்கும் பதில் எழுதாதீர்கள். திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தடை செய்துவிடுங்கள். மிரட்டல் வந்தால் அந்தப் படங்களோடு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். தொழிலுக்கென்று தனியாக ஒரு சிம் வாங்குங்கள், வீட்டு எண்ணை எங்கும் போட வேண்டாம். முகப்புப் படத்தில் நீங்கள் செய்த வேலைப்பாடு இருக்கட்டும். வீட்டு முகவரிக்குப் பதிலாக, ‘இராயபுரம்’ என்று மட்டும் போடுங்கள்.

மாமியாரோடு இதற்காகச் சண்டை வேண்டாம். உங்கள் தொழிலுக்கு முகம் தேவையே இல்லை, கைகள் போதும். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கீழே ஒரு கை நூலைப் பிடிக்க, மேலே ஆரி ஊசி இறங்கி ஏறுவதை மேலிருந்து எடுங்கள். ஒரு மாங்காய் உருவம் வெறும் கோடாக இருப்பதிலிருந்து மணியும் ஜரிகையும் நிறைந்து முடிவதுவரை. எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் கூலி எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். விலை கேட்டுப் பேரம் பேசுகிறவர்கள் அந்த மணிக்கணக்கைப் பார்த்த பிறகு பேச மாட்டார்கள்.

முதல் இரண்டு ஆண்டுகள் நானும் கையை மட்டும்தான் காட்டினேன். என் கத்தரிக்கோலின் பிடியில் சிவப்புத்துணி சுற்றியிருக்கும், விரல் நோகாமல் இருக்க. ஒரு நாள் கடைக்கு வந்த ஓர் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு, ‘சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன்’ என்றார்.

முதல் வீடியோ எடுத்ததும், போடுவதற்கு முன் இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.